எல்லாப் பூங்காவிலும் அப்பா

போன வாரம் நம் தோட்டக்காரி இரண்டு பேருக்குப் போன் செய்தாள். இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னாள். "உங்களை மட்டும்தான்ப்பா கூப்பிட்டிருக்கேன், கட்டாயம் வரணும்" என்று அப்பாவிடம். "உன்னை மட்டும்தாம்மா" என்று அம்மாவிடம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. இன்று விடிந்ததிலிருந்து போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

தோட்டக்காரி என்பது அண்ணன் வைத்த பெயர். கட்டடக்கலை படித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் வீடு வீடாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தவள், திடீரென்று வேலையை விட்டுவிட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலையில் போய்ச் சேர்ந்தாள். மரம் எங்கே நிற்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓட வேண்டும், வெயில் நேரத்தில் ஜனங்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்றெல்லாம் யோசித்து வரைகிற படிப்பு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா, கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சுருக்கிச் சொல்லிவிடுவார்: "முதல்ல கட்டடம் கட்டப் படிச்சா. இப்போ கட்டடம் கட்டாம இருக்கப் படிக்கிறா."

அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட, தெருவும் அப்படியே கூப்பிட, கட்டின கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். அப்பா அதைப்பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அண்ணனுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா ஒத்தாசைக்கென்று அவன் வீட்டுக்குப் போனாள். ஊரின் இந்தக் கோடியில் கடை, அந்தக் கோடியில் அண்ணன் வீடு. குழந்தை தவழத் தொடங்கியதும் ஒரு நாள் அப்பாவுக்குப் போன் போட்டு, "நான் எப்போ வரட்டும்?" என்று கேட்டாள். அப்பா, "உன் இஷ்டம்" என்றார்.

அவ்வளவுதான். 'வா' என்று சொல்வார் என்று அம்மா காத்திருந்தாள். தானாக வருவாள் என்று அப்பா காத்திருந்தார். குழந்தை இப்போது வீடெல்லாம் ஓடுகிறது. இவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை போட்டிருந்தால்கூடப் பஞ்சாயத்துப் பண்ணி வைக்கலாம், இதில் பண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று மகள் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

இப்போது அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை ரயில். அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரயில் ஏறிவிட்டால் அந்த 'உன் இஷ்டம்' நிரந்தரமாகிவிடும். அதற்குள் இரண்டு பேரையும் ஒரு கூரைக்குக் கீழே நிற்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பொய்யின் காரணம்.

கூரை கிடைத்தது. கல்லூரியின் நீண்ட ஸ்டுடியோ.

படிப்பின் கடைசி ஜூரி இன்று. மாணவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கள் வரைபடங்களைக் குத்தி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த நடுவர்கள் ஒவ்வொரு சுவராக நின்று கேள்வி கேட்டுக் குடைவார்கள். வீட்டு மனிதர்களும் வந்து பார்க்கலாம். பாதிப் பேர் நேற்று தூங்கவில்லை, மீதிப் பேர் தூங்கிவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருந்தார்கள்.

தோட்டக்காரி எடுத்துக்கொண்டது பெரிய ஆஸ்பத்திரியின் முற்றம். வெளிநோயாளிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு சுடுசிமெண்டில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடம். அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான். அங்கே வரிசையாக மரங்கள், ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரே ஓர் ஆள் உட்காரும் இருக்கை. யாரும் யாரையும் இடிக்க வேண்டாம். எங்கே உட்கார்ந்தாலும் டோக்கன் எண் தெரியும். மரங்கள் வளரும்வரை நிழலுக்குப் பந்தல் போட்டு வேகமாகப் படரும் கொடி. எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

முற்றத்தைக் கத்தியால் நறுக்கியதுபோல் காட்டும் பெரிய குறுக்குவெட்டுப் படம் ஒன்று நடுவில் இருந்தது. அதன் இடது ஓரத்தில் ஒரு மரத்தடியில் அப்பா. வலது ஓரத்தில் இன்னொரு மரத்தடியில் அம்மா. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முற்றமே கிடந்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிப் படங்களில் மரத்தை மட்டும் வரைந்தால் அது எவ்வளவு உயரம் என்று யாருக்கும் விளங்காது. பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் விளங்கும். அதனால் மாணவர்கள் போட்டோக்களிலிருந்து மனிதர்களைக் கத்தரித்து, கம்ப்யூட்டரிலேயே படத்துக்குள் ஒட்டுவார்கள். வழக்கமாக இன்டர்நெட்டில் கிடைக்கும் விளம்பர மனிதர்களைத்தான் ஒட்டுவது. "இந்தப் பூங்காவுக்கெல்லாம் மாடல்கள்தான் வருவாங்களா? உங்க வீட்டு ஆட்கள் வரவே மாட்டாங்களா?" என்று பேராசிரியர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

தோட்டக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே தன் போனில் இருந்த அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரையும் சுத்தமாகக் கத்தரித்தாள். நின்றபடி, உட்கார்ந்தபடி, நடந்தபடி. 'ஆட்கள்' என்று பெயர் வைத்து, வகுப்பு முழுக்கப் பயன்படுத்தும் பொது ஃபோல்டரில் போட்டாள். போட்டதோடு மறந்தும் போனாள்.

அந்த மறதி இன்று காலை அப்பாவோடு சேர்ந்து வாசலுக்குள் நுழைந்தது.

அப்பா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் எப்போதும் குத்தியிருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவார். யார் மூக்கில் எந்தக் கண்ணாடி ஆடும் என்று யாருக்குத் தெரியும்?

"உன் முறை வர நேரமிருக்குல்ல? மத்தவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நடக்கத் தொடங்கினார்.

முதல் சுவர் வகுப்புத் தோழன் நெட்டையனுடையது. ஏரிக்கரை ஒன்றைச் சீர்செய்திருந்தான். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். ஏரிக்கரையில் அவர் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார். கையில் பிடித்த சங்கிலியில் ஒரு பெரிய நாய்.

அப்பாவுக்கு நாய் என்றால் நடுக்கம். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருகிற ஆசாமி.

அடுத்த சுவரில், மூடிப்போன கல்குவாரிக்குள் ஒரு பூங்கா. அதன் உச்சியில் அப்பா தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மொட்டைமாடித் தோட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். ரயில் பாதையோரத் தோப்பில் இரண்டு அப்பாக்கள் எதிரும் புதிருமாக நடந்தார்கள். அதை வரைந்த பெண்ணுக்கு ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது.

தோட்டக்காரி ஓடி வந்து விஷயத்தை விளக்கினாள். கோபப்படுவார் என்று நினைத்தாள். அப்பாவோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்போ இதெல்லாம் கட்டினா நான் இங்கெல்லாம் இருப்பேனா?"

"நீங்க இருக்க மாட்டீங்கப்பா. உங்களை மாதிரி யாராவது இருப்பாங்க."

"அதுக்கு என்னைத்தான் வெச்சிருக்காங்க, இல்ல?" என்றார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. நாயை மட்டும் எடுத்துவிடச் சொல்லி நெட்டையனிடம் சிபாரிசு செய்யும்படி மகளைக் கேட்டுக்கொண்டார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில்தான் அந்த நினைப்பு வந்தது. ஃபோல்டரில் அப்பா மட்டுமா இருந்தார்?

திரும்பிப் பார்த்தாள். அப்பா அதற்குள் மூலைச் சுவருக்குப் போய்விட்டிருந்தார். வாயில்லாப்பூச்சி என்று வகுப்பே கூப்பிடும், அதிர்ந்து பேசாத பெண்ணின் சுவர் அது. ஆற்றங்கரைப் படிகள், படிகளுக்கு மேலே நிழல், நிழலில் ஒரு நீள பெஞ்ச். அந்த பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? இரண்டு வயதானவர்கள், அளவும் வெளிச்சமும் பொருந்தி வந்தது, சேர்த்து உட்கார வைத்துவிட்டாள். பெற்ற மகளுக்கு வராத துணிச்சல் ஒன்றும் தெரியாதவளுக்கு வந்துவிட்டது. அம்மா ஏதோ மருந்து பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்து, மோவாயைத் தூக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் சாய்ந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையில் அந்தப் போட்டோவில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு திருகாணியை.

தோட்டக்காரி பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்பதா, பேச்சை மாற்றுவதா என்று தெரியவில்லை. அப்பா படத்துக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். கடைசியில் விரலை நீட்டி, படத்தைத் தொடாமல், அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இந்தக் கண்ணாடி நான் போட்டது இல்லையே."

அவளுக்குப் பகீரென்றது. அம்மாவின் பழைய கண்ணாடியைக் குழந்தை உடைத்துவிட்டது. அண்ணன் ஏதோ ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக வாங்கிக் கொடுத்தான். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி வேறு கடையில் கண்ணாடி வாங்குவதென்றால் சும்மாவா?

நடந்ததைச் சொன்னாள். சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கேட்கிற நிலையில் இல்லை. அவர் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ரேம் அகலம். மூக்குல நிக்காம வழுக்கி இறங்குது. படிக்கிற பவர் அடியில இருக்கு, அதோட சேர்ந்து அதுவும் இறங்கிடுது. அதான் எதைப் படிச்சாலும் இப்படி அண்ணாந்து பார்க்குறா." சற்று நிறுத்தினார். "கழுத்து வலிக்குமே, பாவம்."

அம்மா சில மாதங்களாகக் கழுத்து வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தான். வயது என்றார்கள், தலையணை என்றார்கள், குழந்தையைத் தூக்குவது என்றார்கள். இதெல்லாம் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர்மேல் மகளுக்கு இத்தனை நாள் இருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்து, கண்ணில் நீராக வந்து நின்றது.

அம்மாவும் வருகிறாள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்வதற்குள் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். அவள் முறை.

நடுவர்களில் மூத்தவர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மையார். பல ஊர்களில் பூங்காக்கள் போட்டவர், அதிகம் பேச மாட்டார் என்று பெயர். தோட்டக்காரி குரலைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். மண் எப்படி, தண்ணீர் எங்கே தேங்கும், காலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொடிப்பந்தலைப் பற்றிச் சொல்லும்போது நடுவர்களின் தலைக்கு மேலாக வாசல் தெரிந்தது.

வாசலில் அம்மா நின்றாள். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, மோவாயைத் தூக்கி, வாசலில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூலைச் சுவரில் அப்பா திரும்பினார்.

தோட்டக்காரியின் வாய் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. என்ன பேசினாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியாது. அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் திரும்பிப் போய்விடுவாள் போலிருந்தது. போகவில்லை, பக்கத்துச் சுவரை அக்கறையாகப் பார்க்கிறவள் போல நின்றுகொண்டாள். அந்தச் சுவரில்தான் ரயில் பாதையோர அப்பாக்கள் இருவரும் இருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார் வெள்ளைமுடி அம்மையார். பென்சிலால் குறுக்குவெட்டுப் படத்தின் இடது ஓரத்தைத் தட்டினார். பிறகு நடந்துபோய் வலது ஓரத்தைத் தட்டினார். "இவர் இங்க. இவங்க அங்க. நடுவுல இவ்வளவு இடம். எல்லா இருக்கையும் ஒத்தை ஒத்தையா இருக்கு. ஏன்?"

யாரும் யாரையும் இடிக்கக் கூடாது என்பதற்காக என்று அவள் விளக்கினாள். ஒவ்வொருவருக்கும் தனி நிழல், தனி இடம், ஒரு மரியாதை.

"சரிம்மா. ஆனா ஆஸ்பத்திரிக்கு யாரு தனியா வர்றா? கூட ஒருத்தர் வருவாங்க. ரிப்போர்ட்டைப் பிடிச்சுக்க, தண்ணி வாங்கித் தர, சும்மா பக்கத்துல இருக்க. அவங்க எங்க உட்காருவாங்க?"

தோட்டக்காரி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் அந்த முற்றத்தில் போய் நின்று பார்த்திருக்கிறாள். ஜோடி ஜோடியாகத்தான் வருவார்கள். சிமெண்டில் தோளோடு தோள் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, தன் வீட்டில் பார்த்ததைக் கொண்டுவந்து வரைந்துவிட்டாள். ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு மூலை. இப்படித்தான் மனிதர்கள் இருப்பார்கள் என்று எப்போது நம்பத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தப்புதான் மேடம்" என்றாள். "இவங்களைச் சேர்த்து உட்கார வெச்சிருக்கணும்."

சொல்லும்போது வாசல் பக்கம் பார்த்தாள். அப்பா நடந்து போய் அம்மாவின் முன்னால் நின்றுவிட்டிருந்தார். ஏதோ சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மறுபடி ஏதோ சொல்லிவிட்டு, கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தபடி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

"மரமும் மண்ணும் பந்தலும் நல்லா இருக்கு. இருக்கைகளை மட்டும் மாத்திப் போட்டு அடுத்த வாரம் கொண்டு வா" என்று அம்மையார் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது. நன்றி சொன்னாளா என்பதும் நினைவில்லை. வாசலை நோக்கி நடந்தாள், ஓடாமல் இருக்கப் பாடுபட்டாள்.

அப்பா ஸ்க்ரூடிரைவரால் எதையோ திருகிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத அம்மா கண்களைச் சுருக்கிக்கொண்டு, யாரோ வருகிறார்கள் என்று மட்டும் தெரிந்தவளாகப் பார்த்தாள்.

"கழுத்து வலின்னு உங்களுக்கு யாரு சொன்னா? இவளா?"

"யாரும் சொல்லல, சிஸ்டர். படத்துல பார்த்தேன்" என்றார் அப்பா. அவர் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி இளகியது. "திருகி எல்லாம் ஒண்ணும் ஆகாது. ஃப்ரேமை மாத்தணும். லென்ஸையும் புதுசா வெட்டணும். ஒரு வாரம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ரயில்."

தோட்டக்காரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடையில் காலையில் கொடுத்தால் சாயங்காலம் கண்ணாடி கையில் இருக்கும். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. இத்தனை வருடம் கூட இருந்த அம்மாவுக்குத் தெரியாதா?

அப்பா வாயைத் திறந்தார். அந்தப் பழைய வார்த்தைதான் வரப்போகிறது என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. உதடு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"இருந்து வாங்கிட்டுப் போயேன்" என்றார்.

அம்மா கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கடி உன் படம்? ஒண்ணும் தெரியல, கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

இரண்டடி வைப்பதற்குள் கைப்பைக்குள் போன் ஒலித்தது. அம்மா துழாவி எடுத்தாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. பக்கத்தில் மகள் நிற்கும்போதே அப்பாவிடம் நீட்டினாள்.

"யாருன்னு பாருங்க."

"பெரியவன்" என்றார் அப்பா.

"எப்போ கூட்டிட்டுப் போக வரணும்னு கேட்பான். நீங்களே சொல்லிடுங்க."

"நான் என்னன்னு சொல்றது?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவருடைய முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. இருந்தாலும் நன்றாகத்தான் பார்த்தாள்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

அப்பாவின் ஒரு கையில் அவள் கண்ணாடி இருந்தது. இன்னொரு கையில் போன் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.